அப்பா சமாதி

ஊர் சுற்றுவது எனக்குப் பிடிக்கும். சுற்றிவிட்டு வந்து அதை நாலு பேருக்குக் காட்டுவது அதைவிடப் பிடிக்கும். இதை மறைப்பானேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கோப்பு பார்க்கிறவளுக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது?

இதற்கென்றே வரைபடத் தளங்கள் இருக்கின்றன. நீங்கள் எடுத்த படத்தை, எடுத்த இடத்திலேயே வைக்கலாம். அந்த இடத்தில் ஒரு புள்ளி முளைக்கும். எங்கேயோ இருக்கிற யாரோ அந்தப் புள்ளியைத் தொட்டால் உங்கள் படம் விரியும். தரங்கம்பாடியில் கோட்டைச் சுவரோரம் காய்ந்த மீன்வலை, கொல்லிமலை வளைவொன்றில் பலாப்பழம் விற்றவளின் கடை, ராமேசுவரத்தில் ஈரப்புடவையோடு பேருந்துக்கு நின்ற கூட்டம் என்று நான் வைத்த புள்ளிகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. "நீ சாமி கும்பிடப் போறியா, மேப்புக்குப் படம் புடிக்கப் போறியா?" என்று என் கணவர் கேட்பார். இரண்டுக்கும்தான் என்பேன். உண்மையில் இரண்டாவதற்குத்தான்.

எங்கள் நிலம் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில், இடப்பக்கம் ஒரு வண்டிப்பாதையில் இறங்கினால் வரும். வேர்க்கடலை போடும் மணிலாக் கொல்லை, கிணறு, மோட்டார் கொட்டகை, அம்மா இருக்கும் ஓட்டு வீடு. வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அப்பா இறந்தபோது கொல்லையின் மூலையில்தான் புதைத்தோம். எங்களில் அதுதான் வழக்கம். மேலே சிமெண்டு மேடை கட்டி, விளக்கு வைக்க ஒரு மாடம் வைத்து, பக்கத்தில் அம்மாவுக்கென்று கொஞ்சம் இடம் விட்டோம்.

இதற்கு எங்கள் பக்கத்தில் சமாதி என்றுதான் பெயர். தாத்தா சமாதி, பெரியப்பா சமாதி. "மாட்ட தாத்தா சமாதியாண்ட கட்டு" என்போம். பயபக்தி ஒன்றும் அந்தச் சொல்லில் கிடையாது. வேலி, வரப்பு மாதிரி அதுவும் ஓர் அடையாளம்.

முதல் வருடத் திதிக்குச் சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "அப்பாவ ஒரு தபா பாக்கணும் போல இருக்குதுக்கா" என்று தொலைபேசியில் அழுதான். அன்று சாயங்காலம் மேடைக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, விளக்கேற்றியிருந்தோம். பின்னால் மலை முழுதாகத் தெரிந்தது. ஒரு படம் எடுத்து, எங்கள் கொல்லையில் சரியாக அந்த மூலையில் வைத்து, கீழே "அப்பா சமாதி" என்று எழுதினேன். தம்பி சிங்கப்பூரிலிருந்து தொட்டுப் பார்த்தான். கிணறும் தென்னையும்கூட மேலிருந்து தெரிகிறது என்று சொல்லி மறுபடி அழுதான். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் இது திருவண்ணாமலை. இங்கே சமாதி என்றால் வேறு. சித்தர் அடங்கிய இடங்களைத் தேடித்தேடிப் பார்க்கவென்றே இங்கே ஜனங்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் கையில் போன். போனில் மேப். போதாததற்கு இந்த ஊரில் சாமியார்களுக்கு உறவுமுறையில்தான் பெயர். அப்பா, அம்மா, தாத்தா, அண்ணா. பிறந்து வளர்ந்த ஊர், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இரண்டு சொற்களை எழுதும்போது என் அப்பாவைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. மகளுக்கு வேறு யார் நினைவுக்கு வரவேண்டும்?

சில வாரம் கழித்து அம்மா போன் செய்தாள்.

"யாரோ ஆட்டோல வந்தாங்க பாப்பா. தெலுங்குக்காரங்க. அப்பாவ சுத்தி வந்து, கற்பூரம் ஏத்தி, கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்துட்டுப் போனாங்க. நான் மோர் குடுத்தேன்."

"யாருனு கேக்கலயா?"

"எனக்கு தெலுங்கு வருமா? அப்பாவுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கும். அந்தப் பொம்பள அழுதுச்சு. நம்ம வூட்ல கூட யாரும் அப்படி அழல."

தளத்தைத் திறந்து பார்த்தேன். என் படத்துக்குக் கீழே முன்பின் தெரியாதவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. மேடை, விளக்கு மாடம், மலை, மேடைமேல் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுப் பூனை. "இங்கே அமர்ந்த சற்று நேரத்தில் மனம் ஒடுங்கியது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் சிரித்த சிரிப்பில் கணவர் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றி, காயில் கட்டிக்கொண்டிருந்த மனிதர் என் அப்பா. அவர் எதிரில் சற்று நேரம் உட்கார்ந்த எவரும் திட்டு வாங்காமல் எழுந்ததில்லை. தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கும்பிடும்போது, அவர் மாட்டுச் சந்தையில் ஏதாவதொரு மாட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிரித்து முடித்ததும் எரிச்சல் வந்தது. "இது எங்கள் தந்தையைப் புதைத்த இடம். தனியார் நிலம். வழிபாட்டுத் தலம் அல்ல" என்று எழுதினேன். அடுத்த நாள் அதன் கீழே ஒரு பதில் இருந்தது. "ஞானிகளை அவர்களின் குடும்பத்தார் அறிவதில்லை." எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே யாரோ பெயரையும் மாற்றிவிட்டார்கள். "அப்பா சுவாமிகள் ஜீவ சமாதி." என் படத்தை நீக்கிவிட்டுப் பார்த்தேன். புள்ளி போகவில்லை. மற்றவர்கள் படங்கள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. புகார் செய்தேன். பலர் உறுதி செய்த இடம் என்று பதில் வந்தது. எங்கள் கொல்லையைப் பலர் உறுதி செய்துவிட்டார்கள், நான் ஒருத்திதான் பாக்கி.

இதெல்லாம் அப்பாவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். செத்தவருக்கு என்ன வந்தது? அம்மா இருந்தாள்.

அம்மா வாய் ஓயாதவள். பேருந்தில் ஏறினால், இறங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவளின் மருமகள் எந்த ஊர், ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்பதுவரை தெரிந்துகொண்டு இறங்குவாள். ஆனால் வந்தவர்கள் பேசிய தெலுங்கும் கன்னடமும் இந்தியும் அவளுக்குத் தெரியாது. அதனால் சிரித்தாள். கையைத் தூக்கி உட்காரச் சொன்னாள். கையைத் தூக்கியதை அவர்கள் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பேசாததை மௌனம் என்று எடுத்துக்கொண்டார்கள். தளத்தில் "மௌன அம்மா" என்று அவள் படம் வந்தது. தம்பிக்கு அனுப்பினேன். எங்கள் அம்மாவா, மௌனமா என்று அவனும் சிரித்தான்.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. நான் போய்ப் பார்த்ததைவிட ஜாஸ்தி அம்மாவை அந்தப் படங்களில்தான் பார்த்தேன். முதல் படத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மோர்ச் சொம்போடு நின்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கட்டிலில் யாரோ பட்டுத்துண்டு விரித்திருந்தார்கள். பிறகு காவிப் புடவை கட்டியிருந்தாள். அதை யார் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, "நல்லா இருக்குதில்ல?" என்றாள். கடைசியாக ஒரு படத்தில் அவள் முகமே இல்லை. பித்தவெடிப்பு பிளந்த அவளுடைய பாதங்கள் மட்டும். அவற்றின்மேல் பூ வைத்திருந்தது.

செத்தவர்கள் காலில் அப்படிப் பூ வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். துடைத்து வைத்தாற்போல் சுத்தமான ஆள். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நீங்க யாருங்க?" என்றேன்.

"சேவை பண்றேங்கக்கா. வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்கறது, அம்மா சொல்றத எடுத்துச் சொல்றது. நாலஞ்சு பாஷை வருங்க."

மோட்டார் கொட்டகையில் பாய் போட்டுத் தங்கியிருந்தார். அம்மாதான் இருக்கச் சொன்னாளாம். உண்டியல் வைத்திருக்கிறாரா என்று சுற்றிமுற்றித் தேடினேன். இல்லை. வைத்திருந்தால் நாலு கேள்வி கேட்டு விரட்டியிருப்பேன். எதையும் கேட்காத ஆளை என்ன சொல்லி விரட்டுவது?

அன்று அம்மா மதியம் கொஞ்சம்தான் சாப்பிட்டாள். அதையும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"நான் சாப்பிடறத அவங்க பாக்கறாங்க பாப்பா. ஒரு மாதிரி இருக்குது. ராத்திரில வேணாம்னு வுட்டுட்டேன். ஒடம்பு லேசா இருக்குது."

பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். படங்களில் சிரிக்கிற அதே சிரிப்பு.

ஐப்பசியில் ஒருநாள் அலுவலகத்தில் சாப்பிடும்போது தளத்தைத் திறந்தேன். அம்மா படத்தின் கீழே பல மொழிகளில் ஒரே செய்தி இருந்தது. தமிழில் இப்படி: "தீபம் கழிந்ததும் அடங்குவதாக அம்மா திருவாய் மலர்ந்தருளினார்." சாப்பாட்டு டப்பாவை மூடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் ஊரில் எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் தீபம் கழியட்டும் என்பார்கள். ஓடு மாற்ற, பெண் பார்க்க, பல் பிடுங்க, எல்லாம் தீபம் கழிந்துதான். கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பி வழியும்போது கொத்தனாரும் கிடைக்க மாட்டார், ஆட்டோவும் கிடைக்காது. அதனால் வந்த பேச்சு அது. உள்ளூர்க்காரர் யாரும் அதற்கு ஒரு பொருள் தேட மாட்டார்கள்.

"அந்த மாதிரி நீ சொன்னியா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"அப்பா பக்கத்துல காலியா இருக்குதே, அது யாருக்குனு கேட்டாங்க. எனக்குனு சொன்னேன். எப்போனு கொட்டகையில இருக்கற அந்தத் தம்பி கேட்டாரு. மேடை எப்போ கட்றதுனு கேக்கறாருனு நெனச்சி, தீபம் கழியட்டும்னேன்."

"இப்ப போயி அது இல்லனு சொல்லு."

அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "எல்லாரும் கேட்டுட்டு வுழுந்து கும்புட்டாங்க பாப்பா. இப்ப இல்லனு சொன்னா நல்லாவா இருக்கும்?"

வெளியே வந்தேன். வெள்ளை வேட்டிக்காரர் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தார். பின்னால் புதுச் செங்கல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. திருநீறு மூட்டைகளும் இருந்தன. அவர் என்னிடம் மெதுவாக வந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மா சம்மணம் போட்டு ஒக்காந்தா தலைவரைக்கும் எவ்ளோ ஒசரம் வருவாங்க? அவங்ககிட்ட கேக்க சங்கடமா இருக்குதுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ நாற்காலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு செங்கல்லைப் பார்த்தேன். சித்தர்களைப் படுக்கவைத்துப் புதைப்பதில்லை, உட்காரவைத்துத்தான். வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கம்மாவ கொல்லப் பாக்கறீங்களா?"

"ஐயையோ, என்னக்கா இப்படிக் கேக்கறீங்க. நாங்க யாரும் எதுவும் செய்யறது கெடையாது. அவங்களே அடங்குவாங்க. நாங்க தயாரா இருக்கணும், அவ்ளோதான்." அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனாக இருந்திருந்தால் எனக்குப் பயம் கம்மியாக இருந்திருக்கும்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். மிரட்டினார்களா, பூட்டை உடைத்தார்களா, எழுதி வாங்கினார்களா என்று கேட்டார். எதுவும் இல்லை. "அம்மா இருக்கச் சொல்லியிருக்காங்க. அப்ப அவங்க விருந்தாளிங்கம்மா" என்றார். விருந்தாளி குழியின் அளவு கேட்பானா என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவை வேங்கிக்காலில் என் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன். முரண்டு பிடிப்பாள் என்று நினைத்தேன். பேசாமல் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். காவிப் புடவையைப் பையிலிருந்து எடுத்து நான் ஒளித்துவைத்தேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. இரண்டு வேளை சாப்பிட்டாள், பிறகு மூன்று வேளை. என் சாம்பாரில் புளி ஜாஸ்தி என்றாள். மாப்பிள்ளை இளைத்துப்போனதற்கு அந்தச் சாம்பார்தான் காரணம் என்றாள். அவள் குறை சொல்லக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நானும் கணவரும் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவோம். தொலைக்காட்சி இருக்கிறது, எதிர்வீட்டில் பேச ஆள் இருக்கிறது, என்ன குறை என்று நினைத்தேன்.

ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. இழவு வீட்டு வாசலில் கிடப்பதுபோல் அத்தனை செருப்பு. நடுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஜனம் தரையில் உட்கார்ந்திருந்தது. என் சோபாவில் அம்மா. யாரும் பேசவில்லை. அவர்களை எழுப்பி அனுப்புவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தளத்தைப் பார்த்தேன். எங்கள் பச்சைக் கேட்டின் படம். "அம்மா தற்போது இங்கே." வரைபடத்தில் எங்கள் வீட்டின்மேல், சரியாக எங்கள் வீட்டின்மேலேயே, ஒரு புள்ளி.

எதிர்வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டுச் சண்டைக்குப் போனேன். கணவரைக்கூட விடவில்லை. அம்மாதான் நடுவில் வந்தாள்.

"யாரையும் பேசாத. நான்தான் அந்தத் தம்பிக்குப் போன் போட்டு வழி சொன்னேன்."

"எதுக்கும்மா?"

"உங்கப்பாவோட அத்தன வருசம் குடித்தனம் பண்ணேன். வாயத் தொறந்தா மூடுனுவாரு. நீங்க ரெண்டு பேரும், ம், ம்னு சொல்லிக்கிட்டே போனப் பாப்பீங்க. இவங்க நான் வாயே தொறக்கலன்னாலும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறாங்க. நீ ஒரு நாளு என் மூஞ்சிய அப்படிப் பாத்திருக்கியா, படம் புடிக்கிறப்ப தவுர?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவள் பேச்சு நியாயமாக இருந்ததால் வந்த கோபம். அவளை ஒரு பிள்ளையைப்போல் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். மறுநாளிலிருந்து விடுப்பு போட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன்.

தீபம் வந்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தோம். உச்சியில் சுடர் தெரிந்ததும் தெருவே அரோகரா என்றது. அம்மா கும்பிட்டாள். எங்கள் கொல்லையில் எவ்வளவு ஜனம் என்பதைத் தளத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் செங்கல் கட்டிய குழி தெரிந்தது. சுற்றிலும் பாய் விரித்து, பிள்ளைகுட்டிகளோடு, பனியில் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். மலைமேல் தீபம் எரிந்த நாளெல்லாம் காத்திருந்தார்கள். சுடர் நின்றது. அம்மா நன்றாக இருந்தாள். இருமல்கூட இல்லை. ஒருவழியாகத் தீபம் கழிந்தது என்று நான் கணவரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் மதிப்புரைகள் வரத் தொடங்கின. படிக்கப் படிக்க எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். தன்னைச் சாமி என்றவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டால் அம்மாவுக்குப் புத்தி வரும், நன்றாக நாலு வார்த்தை திட்டுவாள், அதோடு பழைய அம்மா ஆகிவிடுவாள் என்று நினைத்தேன். காலையில் அவளுக்கு இட்லி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

"வெகுதூரத்திலிருந்து வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நட்சத்திரம்." "சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர் எப்படி ஞானி ஆவார்?" "கைக்குழந்தையோடு பனியில் கிடந்தோம். அம்மா கடைசிவரை அடங்கவில்லை. ஏமாற்றம்."

"எப்படி எழுதியிருக்கான் பாத்தியா?" என்று சிரித்தேன். "நீ சாவலனு கொற சொல்றான்."

அம்மா சிரிக்கவில்லை. "ஒரு நட்சத்திரம்னா என்னா பாப்பா?"

"அஞ்சுக்கு ஒண்ணும்மா. புடிக்கலனு அர்த்தம்."

அவள் எதிரில் இருந்த என்னைப் பார்க்கவில்லை.

"பாவம். கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு வந்திருக்கறாங்க" என்றாள். பிறகு தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். "இனிமே எனக்குனு எதுவும் செய்யாத."

வற்புறுத்தினேன், திட்டினேன், அழுதேன். அவள் கால்களை மடக்கி, முதுகை நிமிர்த்தி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.